அப்பாவின் டயாலிசிஸும் நாங்கள் மூணு பேர் எழுதும் ஷீட்டும்

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த முதல் மூன்று மாதம் எங்கள் வீட்டுச் சேதி எல்லாம் வாட்ஸப் குழுவில்தான் போய்க்கொண்டிருந்தது. நான் பாளையங்கோட்டையில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன், அண்ணன் சென்னை, அக்கா நியூ ஜெர்சி. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். முடிந்து வெளியே வந்ததும் எடை, பிபி, அடுத்த ஊசி எப்போது என்று குழுவில் போடுவேன். பத்து நிமிஷத்தில் அதன் மேல் யாரோ ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்தும் கல்யாணப் பத்திரிகையும் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் அண்ணன் போன் செய்து அதையே கேட்பான், ராத்திரி அக்காவும் கேட்பாள். ஒரே நாளில் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்லி முடிக்கும்போது, அப்பா எப்படி இருக்கிறார் என்று பேச யாருக்கும் தெம்பு மிச்சம் இருக்காது.

மாற்றியே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தது சென்னையில். அண்ணன் மகனுக்குக் காது குத்து, ஐந்து நாள் தங்கல். அங்கே ஒரு டயாலிசிஸ் யூனிட்டில் முன்பே சொல்லி வைத்திருந்தோம். போனதும் வைரஸ் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி மூன்றுக்கும் சமீபத்தில் எடுத்த சோதனை முடிவு இருக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி மெஷின் ஒதுக்குவார்கள், அதனால் கேட்பது நியாயம்தான். எங்களிடம் ரிப்போர்ட் இருந்தது, ஆனால் பேப்பர் ஊரில் பீரோவுக்குள். படம் எடுத்துக் குழுவில் போட்ட ஞாபகம், தேடினால் கிடைக்கவில்லை. அண்ணன் போன் மாற்றியபோது அவனிடம் இருந்த பழைய படங்களும் போய்விட்டன. அப்பா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நானும் அண்ணனும் ஆளுக்கொரு போனில் மேலே மேலே தள்ளிக்கொண்டே முக்கால் மணி நேரம் நின்றோம். அன்று ராத்திரியே அக்கா ஒரு கூகுள் ஷீட், அதாவது பல பேர் அவரவர் இடத்திலிருந்தே சேர்ந்து எழுதக்கூடிய அட்டவணை, திறந்து எங்கள் இருவருக்கும் அனுப்பினாள்.

முதலில் நாலே பத்திகள்தான்: தேதி, போகும்போது எடை, வரும்போது எடை, பிபி. போகப் போகக் கூட்டினோம். அப்பாவுக்கு இடது கையில் ஃபிஸ்டுலா வைத்திருக்கிறது, டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷனில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்தது, அந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது. அதன் மேல் விரல் வைத்தால் உள்ளே ஒரு அதிர்வு ஓடும், பூனை உறுமுகிற மாதிரி. தினமும் காலையில் அம்மா தொட்டுப் பார்க்க வேண்டும், அதிர்வு நின்றுபோனால் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு டிக் பெட்டி வைத்தோம். காலை ஏழு மணிக்குள் டிக் விழவில்லை என்றால் சென்னையிலிருந்து அண்ணன் அம்மாவுக்குப் போன் போட்டுவிடுவான்.

அடுத்த மாதமே ஒரு குழப்பம். எடையைக் கோடாகப் போட்டுப் பார்த்தால் மேலும் கீழும் தாறுமாறாகப் போகிறது. அக்கா பயந்துவிட்டாள். உற்றுப் பார்த்தால் தேதிதான் தப்பு. ஷீட்டை அக்கா அங்கே திறந்ததால் அது அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் வைத்துப் படிக்கிறது. நான் 05/07 என்று ஜூலை 5-ஐ எழுத, அது மே 7 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 12-க்கு மேல் உள்ள நாட்களை அது தேதியாகவே எடுக்கவில்லை, வெறும் எழுத்தாகக் கட்டத்தில் இடது பக்கம் ஒட்டி நின்றன, சரியான தேதிகள் வலது பக்கம். அந்த வித்தியாசம் கண்ணில் படத்தான் மூன்று நாள் ஆனது. கம்ப்யூட்டரில் ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லோக்கேல் (எந்த நாட்டு முறை) என்ற இடத்தில் இந்தியா என்று மாற்றினால் இனி எழுதுவது ஒழுங்காக விழும், ஆனால் ஏற்கனவே விழுந்ததை அது திருத்தித் தராது. பழையதை எல்லாம் நானே உட்கார்ந்து சரி செய்தேன். வெளிநாட்டில் இருப்பவர் ஷீட் திறந்தால் முதல் வேலையாக இதைப் பாருங்கள்.

இன்னொன்று, பகிரும் முறை. ஆரம்பத்தில் லிங்க் கையில் இருக்கிற யாரும் திருத்தலாம் என்று விட்டிருந்தோம். சொந்தத்தில் ஒரு பையன் உதவி செய்வதாக நினைத்து எடைப் பத்தியை மட்டும் பிடித்து வரிசைப்படுத்தியிருக்கிறான். எடை மட்டும் இடம் மாறிவிட்டது, தேதி அங்கேயே நிற்கிறது. வெர்ஷன் ஹிஸ்டரி என்று ஒன்று இருப்பதால் தப்பித்தோம், முந்தின நாள் ராத்திரி எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தது. அன்றைக்கே லிங்கை மூடினோம். அப்போது எங்கள் மூன்று பேர் மெயிலுக்கு மட்டும் திருத்தும் உரிமை வைத்தோம், சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் பார்க்க மட்டும். அப்பாவின் உடம்பு விஷயம், யார் கையிலும் போய் நிற்கக் கூடாது.

யூனிட் இருப்பது கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், சிக்னல் வராது. போனில் அந்த ஷீட்டை ஆஃப்லைனிலும் கிடைக்கும்படி முன்கூட்டியே வைத்துவிட்டால் அங்கேயே எழுதலாம், மேலே ஏறி வந்ததும் அதுவாகப் போய்ச் சேரும். காலை பதினொன்றரைக்கு நான் எழுதும்போது அக்காவுக்கு அங்கே ராத்திரி இரண்டு மணி. முன்பெல்லாம் அலாரம் வைத்து எழுந்து, "ஏட்டி, எடை எவ்வளவு காட்டிச்சு?" என்று கேட்பாள். இப்போது தூங்கி எழுந்து பார்க்கிறாள்.

இந்த ஷீட்டால் கிடைத்த பெரிய லாபத்தைச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் நோயாளிக்கு ட்ரை வெயிட் என்று ஒன்று குறித்திருப்பார்கள், உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை, அந்த அளவு வரைக்கும்தான் நீரை எடுப்பார்கள். அப்பாவுக்கு அது 58 கிலோ. குறிப்பு என்ற பத்தியில் நான் அவ்வப்போது "கால் பிடித்து இழுத்தது", "கடைசி அரை மணி பிபி இறங்கியது" என்று எழுதி வைத்திருந்தேன். எழுதும்போது பெரிதாகத் தெரியவில்லை. அக்கா ஒருநாள் அந்த வரிகளுக்கு மட்டும் மஞ்சள் அடித்தபோது ஒரே மாதத்தில் ஆறு தடவை. டாக்டரிடம் போனை நீட்டினேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார், சாப்பாடு எப்படி என்று கேட்டார். அப்பா முன்பைவிட நன்றாகச் சாப்பிடுகிறார், உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது, அப்படியென்றால் பழைய எடைக்கு இழுப்பது அதிகம் என்று சொல்லி ட்ரை வெயிட்டை 58.5 ஆக்கினார். கால் இழுப்பது வெகுவாகக் குறைந்தது. வாய்வார்த்தையாக "அடிக்கடி இழுக்குது சார்" என்று நான் முன்பும் சொன்னதுதான், தேதியோடு காட்டியபோது அதற்கு வேறு மதிப்பு.

செலவுக்கும் ஒரு தனிப் பக்கம் உண்டு, யார் எவ்வளவு கொடுத்தோம் என்று. அதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை, பணப்பேச்சு வீட்டில் குறைந்தது. ரிப்போர்ட்டுகள் எல்லாம் கூகுள் டிரைவில் ஒரே ஃபோல்டரில், தேதியைப் பெயரின் முன்னால் வைத்து. கூடவே கூகுள் டாக்ஸில் ஒரு பக்கம்: ரத்த வகை, மாத்திரைப் பட்டியல், எந்தக் கையைத் தொடக் கூடாது, ட்ரை வெயிட், யாருக்குப் போன் செய்ய வேண்டும். மாத்திரை மாறினால் அன்றே மாற்றி பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிறேன். ராத்திரியில் ஓட வேண்டி வந்தால் அம்மா அதை உருவிக்கொண்டு கிளம்பினால் போதும்.

அப்பாவுக்கு முதலில் இதெல்லாம் பிடிக்கவில்லை. "என்னைக் கணக்குப் புஸ்தகம் ஆக்கிட்டீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரம் அவருக்கும் திருத்தும் உரிமை கொடுத்து, அவர் போனிலேயே ஷீட்டைத் திறந்து, கீபோர்டில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் எழுத்தாக விழும் என்று காட்டினேன். கடைசிப் பத்தியை அவருக்கே விட்டோம், தலைப்பு "அப்பா". நாலு மணி நேரம் படுத்திருக்கும்போது வலது கையில் போனை வைத்துக்கொண்டு பேசுகிறார். புள்ளி, கமா எதுவும் இருக்காது. போன சனிக்கிழமை வரி இது: "பக்கத்து பெட்காரர் கடம்பூர் இன்று வீட்டிலிருந்து போளி கொண்டுவந்தார் நல்ல நெய் மணம்".

அக்கா விடிந்ததும் பார்த்து அந்தக் கட்டத்திலேயே கமென்ட் போட்டிருந்தாள்: "அப்பா, எத்தனை சாப்பிட்டீங்க?"

கீழே அப்பாவின் பதில்: "அரை. மீதி உங்க அம்மாவுக்கு."