சிபாப் மெஷினில் கோளாறா? காற்று போகும் வழியிலேயே தேடிப் பாருங்கள்

தூக்கத்தில் மூச்சு தடைப்படுபவர்களுக்கு மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றை அனுப்புவது சிபாப் மெஷின். ராத்திரி முழுக்க அந்த மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தும் காலையில் தலை பாரமாக இருக்கிறது, வாய் உலர்ந்து கிடக்கிறது, மத்தியானம் தூக்கம் சொக்குகிறது என்றால், பிரஷர் போதவில்லை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அதைக் கூட்டச் சொல்லித் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறுவதற்கு முன், மெஷினின் பின்பக்கம் நுழையும் காற்று முகத்துக்கு வந்து சேரும் வரை ஒவ்வோர் இடமாகப் பார்த்துவிடுங்கள். ஃபில்டர், மோட்டார், தண்ணீர் டப், டியூப், மாஸ்க், கடைசியாக முகம். கோளாறு பெரும்பாலும் கடைசி மூன்றில்தான் இருக்கும். மோட்டார் கெட்டுப்போவது அபூர்வம்.

முதலில் காலையில் திரையில் வரும் எண்கள். ஏஹெச்ஐ என்பது ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு. மெஷின் ஓடும்போது இது 5-க்குக் கீழே இருக்க வேண்டும். பக்கத்திலேயே லீக் அளவு இருக்கும். ரெஸ்மெட் மெஷின்களில் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அது பெரிய லீக். ஃபிலிப்ஸ் மெஷின் மாஸ்க் துளை வழியாக இயல்பாக வெளியேறும் காற்றையும் சேர்த்தே காட்டும் என்பதால் இரண்டு கம்பெனி எண்களையும் ஒப்பிடக் கூடாது. லீக் அதிகமாக இருக்கும் ராத்திரியில் ஏஹெச்ஐ 2 என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். காற்று ஒழுகும்போது மூச்சு நிற்பதை மெஷினால் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது.

மெஷினில் எஸ்டி கார்டு இருந்தால் அதை லேப்டாப்பில் போட்டு ஆஸ்கர் என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். போடும் முன் கார்டின் ஓரத்திலுள்ள சின்ன லாக்கைத் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அதில் ஏதாவது எழுதி வைத்துவிடும். திரும்ப மெஷினில் செருகும்போது லாக்கை எடுக்க மறக்கக் கூடாது. ஒரே ஒரு ராத்திரியின் எண்ணை வைத்து முடிவெடுக்காமல் ஒரு வாரத்தைப் பாருங்கள். லீக் சரியாக இருந்தும் ஏஹெச்ஐ ஏறியிருந்தால், அதிலும் ‘சிஏ’ என்ற பிரிவு அதிகமாக இருந்தால், அது மாஸ்க் விஷயமே இல்லை. தொண்டை திறந்திருந்தும் மூச்சு இழுக்கும் முயற்சி நின்றுபோகிறது என்று அர்த்தம். அங்கே பிரஷரைக் கூட்டினால் சிலருக்கு இன்னும் மோசமாகும். கார்டோடு டாக்டரைப் பார்க்க வேண்டிய இடம் அது.

லீக்தான் காரணம் என்றால் மாஸ்க்கை உட்கார்ந்தபடி மாட்டிப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. படுத்தால் கன்னத்துச் சதை சரிந்து முகத்தின் வடிவமே மாறிவிடும். ராம்ப் (பிரஷரைக் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏற்றும் வசதி) வைத்திருந்தால் தொடக்கத்தில் 4 அல்லது 5 பிரஷரில் எல்லா மாஸ்க்கும் கச்சிதமாகத்தான் உட்காரும். நடுராத்திரியில் பிரஷர் 12-க்கு ஏறும்போதுதான் கண்ணில் காற்றடிக்கும். அதனால் ராம்ப்பை நிறுத்திவிட்டு அல்லது மெஷினில் உள்ள மாஸ்க் ஃபிட் வசதியை ஓடவிட்டு, வழக்கமான தலையணையில் படுத்துக்கொண்டு சரிசெய்யுங்கள். வார்களை எல்லாம் தளர்த்தி மாஸ்க்கை வையுங்கள். காற்று ஓடும்போதே மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக இழுத்து, சிலிக்கான் உப்பிய பிறகு மெல்ல விடுங்கள். பிறகு கீழ் வார் இரண்டையும், அப்புறம் மேல் வாரையும் சமமாக இழுங்கள். வாருக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். ஒழுகுகிறதே என்று இறுக்கிக்கொண்டே போவதுதான் பலரும் செய்கிற தப்பு. இறுக்கினால் உள்ளே இருக்கும் மெல்லிய சிலிக்கான் மடிப்பு நசுங்கிப்போய் லீக் அதிகமாகும், மூக்குத் தண்டில் புண்ணும் வரும்.

நம் ஊர்க் காரணங்கள் சில உண்டு, மெஷினோடு வரும் புத்தகத்தில் இவை இருக்காது. சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த ராத்திரியில் மாஸ்க் வழுக்கும். படுக்கும் முன் கடலை மாவோ சோப்போ போட்டு முகம் கழுவி நன்றாகத் துடைத்தால் போதும். முகப் பவுடர், நெற்றியில் காய்ந்த சந்தனம், விபூதி எல்லாம் சிலிக்கானுக்கு அடியில் மணல் மாதிரி இருந்து இடைவெளி விடும். மூக்குத்தி போட்டவர்கள் மாஸ்க் வாங்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். மூக்குத் துவாரத்தில் செருகும் பில்லோ மாஸ்க்கில் உள்பக்கத் திருகு இடிக்கும். மூக்கை மட்டும் மூடுவதில் கல் விளிம்பில் மாட்டும். மூக்கையும் வாயையும் மூடும் பெரிய மாஸ்க்கில் மூக்குத்தி உள்ளே அடங்கிவிடும். ராத்திரியில் கழற்ற மனம் ஒப்பாத அம்மாக்களுக்கு அதுதான் சரி. அடர்ந்த மீசைக்காரர்களுக்கோ பில்லோ மாஸ்க் ஒத்துவரும்.

சிலிக்கான் குஷனைத் தினமும் காலையில் மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கொடியில் வெயிலில் போட்டால் சீக்கிரம் விறைத்துப்போகும். டெட்டால் வேண்டாம், அந்த நெடி மாஸ்க்கை விட்டுப் போகாது. மாஸ்க்கின் முன்னால் இருக்கும் பொடித் துளைகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிளாஸ்திரி போட்டு அடைக்காதீர்கள். ‘காற்று வீணாகப் போகிறதே’ என்று அடைத்துவிடுகிறார்கள். நாம் விடும் கரியமில வாயு வெளியேறும் வழியே அதுதான்.

மூக்கு மாஸ்க் சரியாக உட்கார்ந்தும் லீக் காட்டினால் வாய் திறந்துகொள்கிறது. காலையில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடப்பதே அடையாளம். முதலில் மூக்கடைப்பைப் பாருங்கள்; உப்புநீர் ஸ்பிரே பலருக்குப் போதும். தாடைப் பட்டி எல்லோருக்கும் பலிப்பதில்லை. வாய்க்கு டேப் ஒட்டும் வித்தை நமக்கு வேண்டாம், பெரிய மாஸ்க்குக்கு மாறிவிடலாம்.

அடுத்தது, காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரின் டப்பில் ஊற்றும் தண்ணீர். டெல்டாவில் மெஷினைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான். கொள்ளிடக் கூட்டுக் குடிநீரானாலும் போர் தண்ணீரானாலும் அதில் உப்பு உண்டு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கேட்கவே வேண்டாம். அந்தத் தண்ணீரை ஊற்றினால் டப்பின் அடித்தட்டில் வெள்ளையாகப் பொறுக்குத் தட்டும். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு கூடத்தான் செய்யும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர், பெரிய மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். பேட்டரிக் கடையில் கேனில் விற்பது மூச்சில் போவதற்காகத் தயாரித்ததல்ல. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அதை இதிலும் ஊற்றுவது அதைவிட மோசம்; ஏசிக்குள் வளரும் பூஞ்சை நேராக நெஞ்சுக்குப் போகும். டிஸ்டில்டு கிடைக்காத ராத்திரியில் டப்பைக் காலியாக வைத்து, ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டு ஓட்டலாம். மூக்கு கொஞ்சம் வறளும், அவ்வளவுதான்.

மிச்சத் தண்ணீரின்மேல் புதுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். காலையில் கொட்டி, கழுவி, திறந்தபடி காயவிட வேண்டும். பொறுக்குத் தட்டியிருந்தால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து அலசினால் போய்விடும். சுரண்டக் கூடாது. தண்ணீர் நிறைந்த டப்போடு மெஷினைத் தூக்கவோ சாய்க்கவோ கூடாது. உள்ளே போன தண்ணீர் மோட்டாரையும் சென்சாரையும் கெடுக்கும், அதற்கு வாரண்டியும் கிடைப்பது கஷ்டம்.

மார்கழிப் பனியிலும் ஏசி அறையிலும் டியூபில் களகளவென்று சத்தம் கேட்டு முகத்தில் தண்ணீர் சொட்டினால் அது ஒழுகல் இல்லை. வெதுவெதுப்பான ஈரக் காற்று குளிர்ந்த டியூபில் பட்டுத் தண்ணீராகிறது. ஹியூமிடிட்டியை ஒன்றிரண்டு படி குறையுங்கள், சூடாகும் டியூப் இருந்தால் அதன் வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் பழைய பருத்தித் துணியில் நீளமாக உறை தைத்துப் போடுங்கள். ஃபேன் காற்று டியூபில் நேராகப் படக் கூடாது. மெஷின் தலைக்குக் கீழே இருந்தால் தண்ணீர் டப்புக்கே திரும்பிவிடும் என்பார்கள். கட்டிலுக்கு அது சரி, பாயில் படுப்பவர் என்ன செய்வார்? தரையிலேயே மெஷினை வைத்தால் தூசியும் எறும்பும் ஏறும். நாலு விரல் உயரப் பலகைமேல் வைத்து, டியூப் தொங்கிப் பள்ளம் விழாமல் பார்த்துக்கொண்டு, ஹியூமிடிட்டியைக் குறைவாகவே வையுங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருப்பதால் அது பெரிதாகத் தேவைப்படாது. அக்கினி நட்சத்திரத்திலோ வேறு தொல்லை: மெஷின் அனுப்பும் காற்று அறைக் காற்றைவிடக் கொஞ்சம் சூடாகவே இருக்கும். ஹியூமிடிஃபையரை அணைத்து, மெஷினைச் சுவரோடு ஒட்டாமல் நகர்த்தி வைப்பதைத் தவிர வழியில்லை.

ஃபில்டரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறது ரெஸ்மெட். குறுவை அறுப்பிலும் தை மாதத்துச் சம்பா அறுப்பிலும் வயலுக்கு அருகே இருக்கும் வீட்டில் ஒரே மாதத்தில் அது பழுப்பாகிவிடும். வெள்ளைச் சதுர ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். தூசியைப் பிடிக்கும் ஃபில்டர் புகையைப் பிடிக்காது. கொசுவர்த்திச் சுருளையோ சாம்பிராணியையோ மெஷின் பக்கத்தில் வைத்தால் அந்தப் புகையை மெஷின் விடிய விடிய உறிஞ்சி மூக்குக்கு அனுப்பும். கொசுவலைதான் நல்லது, டியூபை வலையின் அடி ஓரமாக உள்ளே விடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் லோ வோல்டேஜுக்குப் பயப்பட வேண்டாம், அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். கரண்ட் திரும்பி வரும்போதும் இடிமின்னலின்போதும் வரும் திடீர் ஏற்றம்தான் ஆபத்து. ஸ்பைக் கார்டும் ஒழுங்கான எர்த்தும் வேண்டும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாகப் படுப்பவர்கள் கட்டில் பக்கத்துப் பிளக் பாயிண்ட் அந்த லைனில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பல வீடுகளில் லைட்டும் ஃபேனும் மட்டும்தான் அதில் இருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும், அதில் யூபிஎஸ் மோடு இருந்தால் போட்டுவிடுங்கள். கரண்ட் மாறும் நொடியில் சில மெஷின் நின்று தானே ஓடும், சில பொத்தானை அழுத்தும் வரை சும்மா இருக்கும். உங்களுடையது எந்த ரகம் என்பதை ஒரு பகலில் மெயினை அணைத்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பேட்டரிக் கணக்கு எளிது. ஹியூமிடிஃபையர் இல்லாமல் மெஷின் சராசரியாக 30 வாட் எடுப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் எட்டு மணி நேரத்துக்கு 240 வாட் அவர். 12 வோல்ட் 150 ஆம்பியர் அவர் பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினால் 900 கிடைக்கும். பழைய 75 வாட் சீலிங் ஃபேன் மட்டுமே அதில் 600-ஐத் தின்றுவிடும், ஆக மெஷினைவிட ஃபேன்தான் பேட்டரியைக் காலி செய்கிறது. ஹியூமிடிஃபையரும் சூடு டியூபும் ஓடினால் இந்தக் கணக்கெல்லாம் நிற்காது. 2018 நவம்பர் கஜா புயலில் வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நிலைக்கு வீட்டு இன்வெர்ட்டர் போதாது, கார் பேட்டரியில் ஓட்டும் டிசி கேபிளும் வேண்டும். ரெஸ்மெட்டின் ஏர்சென்ஸ் 10 மெஷினுக்கு 24 வோல்ட் தேவை என்பதால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்க முடியாது, அதற்கான கன்வெர்ட்டர் தனி. ஃபிலிப்ஸின் பழைய டிரீம்ஸ்டேஷன் 12 வோல்ட்டிலேயே ஓடும். வயரை ஒட்டவைத்துச் சமாளிக்கும் வேலை கூடாது.

விசில் சத்தத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். மெஷினை ஓடவிட்டு டியூபின் முனையை உள்ளங்கையால் பொத்தினால் கிழிசல் எங்கே என்று காதிலேயே கேட்கும். அங்கே இல்லையென்றால் ஃபில்டர் மூடி, டப்பின் ரப்பர், மாஸ்க்கின் முழங்கை இணைப்பு.

செகண்ட் ஹேண்டில் ஃபிலிப்ஸ் டிரீம்ஸ்டேஷன் முதல் தலைமுறை மெஷின் மலிவாக வந்தால் சீரியல் நம்பரைப் பார்க்காமல் வாங்காதீர்கள். உள்ளே சத்தம் அடக்க வைத்த ஃபோம் உதிர்ந்து காற்றில் கலக்கலாம் என்பதால் 2021 ஜூனில் அந்தக் கம்பெனியே அவற்றைத் திரும்பப் பெற அறிவித்தது. சூடும் ஈரமும் அந்த ஃபோமைச் சீக்கிரம் சிதைக்கும், நம் ஊரில் இரண்டுக்குமே குறைவில்லை.

கருகல் வாடை, உள்ளே தண்ணீர் போனது, பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டும் போகாத எர்ரர் செய்தி: இந்த மூன்றில் எது வந்தாலும் வீட்டில் திறக்காமல் சர்வீசுக்கு அனுப்புங்கள். டப்பைக் காலி செய்து துடைத்து, எஸ்டி கார்டை எடுத்துவைத்துக்கொண்டு, அடாப்டரையும் சேர்த்தே கொடுங்கள். பல சமயம் போயிருப்பது அடாப்டர்தான். மெஷின் திரும்பி வரும் வரை வாடகைக்கு ஒன்று கிடைக்குமா என்று விற்றவரிடமே கேளுங்கள். கிடைக்காத ராத்திரிகளில் தலைப்பக்கத்தை உயர்த்தி ஒருக்களித்துப் படுங்கள். மது வேண்டாம், டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரையும் வேண்டாம். மறுநாள் பகலில் கண் சொக்கினால் வண்டி ஓட்டாதீர்கள்.