புடவைக்குள் இரண்டு செந்தூரா

ஞாயிறு ராத்திரி அப்பா, அம்மாவுக்கு பெங்களூரில் விமானம். நியூஜெர்சியில் அக்கா வீட்டுக்கு முதல் பயணம். கிருஷ்ணகிரி வீட்டுத் திண்ணையில் இப்போது நான்தான் இமிகிரேஷன் அதிகாரி.

"எதுக்கு வர்றீங்க?"

"பேத்தியைப் பாத்துக்க" என்கிறார் அம்மா. பேச்சுவாக்கில் வருவதுதான். ஆனால் அங்கே அதை வேலை என்று எடுத்துக்கொண்டால் வம்பு. மகளைப் பார்க்க, மூன்று மாதம், இதோ ரிட்டர்ன் டிக்கெட். அவ்வளவுதானே விஷயம்!

ரிட்டையர்டு வாத்தியார் அப்பாவோ ஒரு கேள்விக்கு ஒரு பாடமே நடத்துகிறார். 10 வருஷ விசா இருந்தாலும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும்போது அதிகாரிதான் முடிவு செய்வார், வழக்கமாக 6 மாதம். அதில் அவருக்கு ஒரே கோபம்.

மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில். புடவைக்குள் சுருட்டியிருந்த இரண்டு செந்தூரா மாம்பழங்களை எடுத்துவிட்டேன். ஊறுகாய் இருக்கட்டும், கேட்டால் மறைக்காமல் சொல்லிடுங்க என்றேன்.

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.