பூண்டு ரசம்

குன்னூர் தேயிலை ஏலத்துக்கு வர்ற சாம்பிள ருசி பாத்து மதிப்பு போடுறதுதான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வேலை, ரெண்டு பேரும் ஒரே கம்பெனி. 2.8 கிராம் தூள், 140 மில்லி கொதிக்கிற தண்ணி, அஞ்சாறு நிமிஷம் மூடி வச்சு வடிச்சு கரண்டியில எடுத்து சர்ருனு உறிஞ்சி துப்பணும். எனக்கு இத கத்துக் குடுத்ததே அவர்தான். பறிச்ச இலைய வாட வைக்கிற வாட்டம் பத்தலன்னா பச்சை வாசம் அடிக்கும், டிரையர்ல சூடு ஏறிப்போச்சுன்னா கருகல் தெரியும்னு கல்யாணமான புதுசுல பக்கத்துல நின்னு சொல்லித் தருவார்.

போன வருஷம் சீனியர் போஸ்ட் ஒண்ணு காலியாச்சு, ரெண்டு பேரும் எழுதிப் போட்டோம். யாருக்கு கெடச்சா என்ன, நம்ம வீட்டுக்குத்தானே வருதுன்னு பேசிக்கிட்டோம், அந்தப் பேச்சு ஒரு வாரம்கூட தாங்கல. அவர் ருசிக் குறிப்பு எழுதுற நோட்ட பைக்குள்ள வச்சு ஜிப் போட ஆரம்பிச்சார். நான் விலை கம்மியா போட்ட ஒரு டஸ்ட் டீ (பொடித் தேயிலை) லாட்ட மேனேஜர் முன்னாடியே எடுத்து ருசி பாத்து "இதுக்கு இன்னும் விலை போகும்"னார், எனக்கு மூஞ்சி எரிஞ்சுது. ஜனவரி உறைபனி சீசன்ல வர்ற டீக்கு வாசமே தனி, நல்ல கப்பு வந்தா "இங்க வா, இதப் பாரு"ன்னு கூப்பிட்டு கரண்டிய நீட்டுவார், அந்த ஜனவரியில ஒரு தடவகூட கூப்பிடல. நானும் கூப்பிடல.

டேஸ்டிங் இருக்குற நாள்ல எங்க வீட்டுல பூண்டு, வெங்காயம், ஊறுகாய் எதுவும் கெடையாது, நாக்கு கெட்டுரும். அந்த போஸ்டுக்கு ருசி பாக்குற டெஸ்ட் வச்ச அன்னைக்கு காலையில நான் பூண்டு தட்டிப் போட்டு ரசம் வச்சேன். அவருக்கு தொண்டை கரகரப்பு அதுக்குத்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், ஆனா என் தட்டுல தயிர்சாதம்தான் இருந்துச்சு. அவர் ரசத்தப் பாத்தார், என் தட்டப் பாத்தார், ஒரு டம்ளர் தண்ணிய குடிச்சுட்டு சாப்பிடாமலே கெளம்பிட்டார். ஒரு வார்த்தை கேக்கல, கேட்டிருந்தா சண்டையாவது போட்டிருப்போம்.

போஸ்ட் எனக்குத்தான் கெடச்சுது. கம்பெனி மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, இருந்தது ஒரு போஸ்ட், அவ்ளோதான், அத வீட்டு அடுப்படி வரைக்கும் கொண்டு வந்தது நான்தான். அன்னையிலேர்ந்து காலைச் சாப்பாட்ட அவரே செஞ்சுக்கிட்டார், மாசக்கணக்கா.

போன வாரம் அவருக்கு நல்ல சளி, லீவு போட்டு படுத்திருந்தார். "பூண்டு கொஞ்சம் தூக்கலா போட்டு ஒரு ரசம் வையேன்"னு கேட்டார். அம்மிக்கல்லுல வச்சு தட்ட ஆரம்பிச்சேன், அழுகை வந்துருச்சு, அவர் எந்திரிச்சு வந்து மீதிப் பூண்ட உரிச்சுக் குடுத்தார்.