பள்ளிக்கூடங்கள் நடக்கும் நாள்

நாங்கள் இலங்கையில் படித்த காலத்தில் சுதந்திர தினமான பெப்ரவரி 4 என்றால் பள்ளிக்கூடம் பூட்டு, அவ்வளவுதான். கொழும்பில் படைகள் அணிவகுக்கும், வானொலியில் வர்ணனை போகும். எங்கள் தமிழ்ப் பக்கத்தில் கறுப்புக்கொடிதான் அந்த நாளின் அடையாளம். 1957இல் அதே நாளில் திருகோணமலையில் கறுப்புக்கொடி ஏற்றப்போய்ச் சுடப்பட்டு இறந்த நடராசனின் கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். அதனால் தேசிய தினம் என்பது வேறு யாருடையதோ நாள் என்ற எண்ணத்தோடுதான் நோர்வேயில் வந்து இறங்கினேன்.

எங்களுக்கு அணிநடை என்றால் கல்லூரியின் மெய்வல்லுநர் போட்டிதான். முதல்நாள் பின்னேரமே கன்வஸ் சப்பாத்துக்கு வெள்ளை பூசி வெயிலில் காயவைத்து, அடுத்தநாள் பாண்ட் முன்னே போக, இல்லக்கொடிக்குப் பின்னால் கைவீசி நடந்து, அதிபர் நிற்கும் இடம் வந்ததும் தலையைத் திருப்பிக் கொடியைத் தாழ்த்துவோமே, அந்தப் பெருமை இப்போதும் உடம்பில் இருக்கிறது.

மே 17ஐ எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான். இந்த நாட்டின் தேசிய தினத்தில் நடப்பது பள்ளிக்கூடங்கள்! ஒவ்வொரு பள்ளியும் தன் பெயர் எழுதிய பதாகையோடும் வாத்தியக் குழுவோடும் வரும். ஒஸ்லோவில் கார்ல் யோஹான் வீதியால் ஏறி அரண்மனைக்கு முன்னால் போவார்கள், அரச குடும்பம் மாடத்தில் நின்று கைகாட்டும். டாங்கி ஒன்றும் உருளாது.

கதை 1814இல் தொடங்குகிறது. நெப்போலியன் பக்கம் நின்று தோற்ற டென்மார்க் அரசர், நானூறு வருடத்துக்கு மேல் தன்னோடிருந்த நோர்வேயைச் சுவீடனுக்குக் கொடுத்துவிட்டார். இங்குள்ளவர்களை யாரும் கேட்கவில்லை. அப்போது எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் 112 பேர் கூடி, ஆறு கிழமைக்குள் ஓர் அரசியலமைப்பை எழுதி மே 17 அன்று கையொப்பம் வைத்தார்கள். அந்த வருடமே சுவீடனோடு ஒன்றியம் வந்துவிட்டது, 1905 வரை நீடித்தது. ஆனால் அரசியலமைப்பை, சில திருத்தங்களோடு, விடாமல் வைத்திருந்தார்கள். அதனால் இவர்கள் கொண்டாடுவது கையில் கிடைத்த விடுதலையை அல்ல, எழுதி வைத்த உரிமையை. எங்களைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அந்தக் கொண்டாட்டத்தையும், சுவீடனையும் நோர்வேயையும் சேர்த்து ஆண்ட அரசர் கார்ல் யோஹான் விரும்பவில்லை. 1829இல் கூடிய சனத்தைக் குதிரைப்படையை விட்டுக் கலைத்தார்கள். இன்று பிள்ளைகள் கொடியசைத்து நடக்கும் வீதிக்கு அவருடைய பெயர்தான். 1870இல் எழுத்தாளர் பியோர்ன்சனின் முயற்சியில் சுமார் 1200 பொடியன்கள் முதன்முதல் ஊர்வலம் போனார்கள், பெண்பிள்ளைகள் சேர 1889 ஆனது. ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த காலத்தில் கொண்டாட்டத்துக்கே தடை. 1945 மே 8இல் விடுதலை, ஒன்பது நாளில் மே 17. அந்த வருடத்து ஊர்வலம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், எல்லாம் சுத்தமான கதையுமில்லை. 1814இல் எழுதிய அதே அரசியலமைப்பு யூதர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்றது. அதை நீக்கக் கவிஞர் வெர்கெலாண்ட் கடைசிவரை போராடி 1845இல் இறந்துபோனார், நீக்கியது 1851இல். 1999இல் பாகிஸ்தானில் பிறந்த ருபீனா ரானா ஒஸ்லோவின் மே 17 குழுவுக்குத் தலைவரானபோது மிரட்டல்கள் வந்தன. அவர் பின்வாங்கவில்லை, நாட்டுக் கொடியோடு ஊர்வலத்தின் முன்னே நடந்தார்.

எங்கள் சனம் ஆரம்பத்தில் வீதியோரம் நின்று பார்த்ததோடு சரி. மகள் முதலாம் வகுப்புக்குப் போன பிறகுதான் எனக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று தெரிந்தது. ஊர்வலம் முடிந்து பள்ளி முற்றத்தில் விளையாட்டு, ஐஸ்கிறீம், கேக், எல்லாமே பெற்றோர் முறைவைத்துச் செய்கிற வேலை. ஆவி பறக்கும் பெரிய பானையிலிருந்து சொசேஜ் எடுத்துக் கொடுக்கும் முறை எனக்கு வந்தது. பக்கத்தில் பூனாட் என்ற நோர்வேப் பாரம்பரிய உடை உடுத்த ஒரு தாய், அந்தப் பக்கம் காஞ்சிபுரத்துக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட என் மனைவி, முன்னால் கொடியோடு பிள்ளைகளின் வரிசை. தேசிய தினம் ஒன்றில் எனக்கும் ஒரு வேலை இருந்தது அன்றுதான்.

ஒஸ்லோவில் இருப்பவர்கள் அன்று காலை கொஞ்சம் வெள்ளென வெளிக்கிட்டு, வெர்கெலாண்டின் கல்லறைக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். யூத சமூகத்தினர் ஒவ்வொரு வருடமும் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள்.