எதைச் செய்யாமல் விடுவது: நெல்லைப் பக்கமிருந்து ப்ராடக்ட் மேனேஜர் ஆவது பற்றி

பாளையங்கோட்டையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். கோடிங் எழுதத் தெரியாமல் ப்ராடக்ட் மேனேஜர் ஆக முடியுமா என்பது ஒன்று, அதற்கு எம்.பி.ஏ. படித்தாக வேண்டுமா என்பது மற்றொன்று. முடியும், படித்தாக வேண்டியதில்லை என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் காலை முதல் மாலை வரை என்னதான் செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை என்பதால், நான் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு மென்பொருளில் அடுத்து எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளிப் போடுவது, எதை எந்நாளும் சேர்க்காமல் விடுவது என்று முடிவெடுத்து, அந்த முடிவால் வரும் நல்லது கெட்டதுக்குப் பதில் சொல்வதுதான் அவருடைய வேலை. பெயரில் மேனேஜர் என்று இருந்தாலும் டெவலப்பரோ டிசைனரோ டெஸ்டிங் பிரிவினரோ அவருக்குக் கீழே இல்லை. அவர்களுக்கு விடுப்புக் கொடுப்பவரும் சம்பள உயர்வுக்குப் பரிந்துரைப்பவரும் வேறு ஆட்கள். ஆகவே ‘நான் சொல்கிறேன், செய்யுங்கள்’ என்ற பேச்சு அங்கே செல்லுபடியாகாது. இதை ஏன் முதலில் செய்ய வேண்டும் என்று காரணத்தோடு எடுத்துரைத்து, எதிர்க்கேள்விகளுக்கு ஈடுகொடுத்து, எல்லாரையும் ஒப்ப வைத்துத்தான் ஒவ்வொரு ரிலீஸையும் நகர்த்த வேண்டும். ப்ராஜெக்ட் மேனேஜரை இவரோடு குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஒப்புக்கொண்ட வேலை குறித்த தேதியில், குறித்த செலவில் முடிகிறதா என்று பார்ப்பவர் அவர். அந்த வேலையே தேவைதானா என்று கேட்பவர் இவர். வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக மென்பொருள் எழுதித் தரும் சர்வீஸ் நிறுவனங்களில் அந்தக் கேள்வியை வாடிக்கையாளரே முடித்துவிட்டு வருவதால், அங்கே பல ஆண்டு உழைத்தவருக்கும் அதைக் கேட்கும் பழக்கம் வாய்க்காமல் போகலாம்.

இந்தப் பதவியின் வேர் கணினித் துறையில் இல்லை. அமெரிக்காவின் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய், 1931-இல் மேலிடத்துக்கு மூன்று பக்கக் குறிப்பு ஒன்றை அனுப்பினார். ஒவ்வொரு சரக்குக்கும் தனிப் பொறுப்பாளர் வேண்டும், அவர் விற்பனை நன்றாக நடக்கும் இடத்தையும் தொய்ந்து கிடக்கும் இடத்தையும் ஆராய வேண்டும், கடைக்காரர்களை நேரில் கண்டு பேச வேண்டும், குறையைக் கண்டுபிடித்துத் தீர்வும் வகுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். (அவர் பின்னாளில் அமெரிக்காவின் பாதுகாப்புத் துறைச் செயலராகவும் ஆனார்.) மென்பொருள் உலகம் இதை எடுத்துக்கொண்டு தனக்கேற்ப மாற்றிக்கொண்டது. 2002-இல் கூகுள், கல்லூரி முடித்த இளைஞர்களைத் துணை ப்ராடக்ட் மேனேஜர்களாக எடுத்துப் பயிற்றும் திட்டத்தைத் தொடங்கியது. அதைப் பார்த்துப் பிற நிறுவனங்களும் அதே போன்ற திட்டங்களை வைத்தன. நம் பிள்ளைகள் இணையத்தில் தேடிப் படிப்பது பெரும்பாலும் இந்தத் திட்டங்களைப் பற்றித்தான். அவற்றில் இடங்கள் மிகக் குறைவு. போட்டியோ மிக அதிகம். அந்த ஒரு வழியை மட்டும் நம்பிக் காத்திருப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் அமைந்தபின், சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயராமலேயே சொந்த ப்ராடக்ட் வைத்திருக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கலாம் என்பது நம் பக்கத்தில் நம்பத்தகுந்த பேச்சாகிவிட்டது. நான் அங்கே பணிபுரிபவன் அல்லன். சிறு வணிகர்களுக்கான பில்லிங் மென்பொருள் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் சப்போர்ட் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ப்ராடக்ட் பக்கம் வந்தவன். அந்த அனுபவத்திலிருந்து ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கடைகள் எங்கள் மென்பொருளை எப்படிப் பயன்படுத்துகின்றன என்று காட்டும் டாஷ்போர்டில் ஒரு வினோதம் தெரிந்தது. மளிகைக் கடைகளும் ஹார்டுவேர் கடைகளும் பில்லைப் போட்டுவிட்டு மறுபடி திறப்பது அரிது. காய்கறிக் கமிஷன் கடைகளிலோ சேமித்த பில்லையெல்லாம் சற்று நேரத்தில் திறந்து திருத்திக்கொண்டிருந்தார்கள். தட்டச்சுப் பிழை அதிகம் போலும், சேமிக்கும் முன் ஓர் எச்சரிக்கைப் பெட்டி வைக்கலாம் என்றார் ஒருவர். திருத்தும் வசதியை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள், அதை இன்னும் விரைவாக்கித் தரலாம் என்றது சேல்ஸ் பிரிவு. ஒரே எண்ணிக்கையை வைத்துக்கொண்டு நேரெதிரான இரண்டு ஃபீச்சர்களைக் கேட்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

பாவூர்சத்திரம் சந்தையில் ஒரு கடையில் அனுமதி கேட்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. விவசாயி மூட்டைகளை இறக்குகிறார், எடை போடுகிறார்கள், கணக்குப்பிள்ளை அவர் பெயர், சரக்கு, மூட்டை எண்ணிக்கை, எடை ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறார். விலையும், வாங்குபவர் யார் என்பதும் ஏலம் முடிந்தபின்தான் தெரியும். எங்கள் மென்பொருளோ வாங்குபவர் பெயரையும் விலையையும் கொடுக்காவிட்டால் பில்லைச் சேமிக்க விடாது. அதனால் எல்லாச் சீட்டிலும் வாங்குபவர் ‘ரொக்கம்’ என்றும் விலை ஒரு ரூபாய் என்றும் இருந்தன. ஏன் அப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். “ரேட்டு இப்பவே எப்படித் தெரியும் தம்பி? ஏலம் முடியணும்லா. ஒரு ரூவான்னு போட்டு வச்சுட்டு, பொறவு மாத்திக்கிடுவேன்” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. போதாக்குறைக்கு, பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனாலும் வரிக்கான கட்டங்கள் திரையில் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டு நின்றன. விவசாயிக்குக் கணக்கு முடிக்கும்போது கழிக்க வேண்டிய கமிஷன், இறக்குக் கூலி, முன்பணம் ஆகியவற்றுக்கோ இடமே இல்லாததால், அவற்றை அவர் கால்குலேட்டரில் போட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

விலை இல்லாமலே சீட்டைச் சேமிக்க விடலாம் என்று நான் எழுதியபோது டெவலப்பர் மறுத்தார். விலை இல்லாத பில் கணக்கறிக்கைக்குள் நுழைந்தால் அன்றைய விற்பனைத் தொகையே பொய்யாகிவிடும் என்றார், நியாயமான மறுப்பு. பேசிப் பேசி, நிலுவைச் சீட்டு என்று தனி நிலை ஒன்றை வகுத்தோம். அது கணக்கில் சேராது. ஏலம் முடிந்ததும் நிலுவைச் சீட்டுகள் எல்லாம் ஒரே திரையில் வரிசையாக வரும். விலையும் வாங்குபவரும் நிரம்பிய பிறகே பில்லாக மாறும். திருத்தங்கள் தாமாகவே குறைந்தன. எச்சரிக்கைப் பெட்டியும் விரைவுத் திருத்தமும் செய்யப்படவே இல்லை. கடை அண்ணாச்சி கேட்ட, வாயால் சொன்னாலே பில் விழும் வசதியையும் செய்யவில்லை. ஏலச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே நம் காதில் விழாது.

சப்போர்ட் வேலையை நம் பிள்ளைகள் இளக்காரமாக நினைப்பது எனக்கு வருத்தமே. கோடிங் வேலை கிடைக்காதவர் ஒதுங்கும் இடம் என்றே அதைப் பலர் கருதுகிறார்கள். வாடிக்கையாளர் எந்த இடத்தில் தடுமாறுகிறார், அதை எந்தச் சொல்லில் சொல்கிறார், எதைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார் என்பதெல்லாம் நிறுவனத்தில் வேறு யாரையும் விட டிக்கெட்டுக்கு, அதாவது வாடிக்கையாளர் அனுப்பும் புகாருக்கோ கோரிக்கைக்கோ, பதில் எழுதுபவருக்கே நன்றாகத் தெரியும். ஆனால் பதில் எழுதி மூடுவதோடு நின்றுவிட்டால் அந்த அறிவு அவருடனேயே தங்கிவிடும். வாரம் ஒருமுறை அந்த வாரத்து டிக்கெட்டுகளை எடுத்து, என்ன கேட்டார்கள் என்றில்லாமல் ஏன் கேட்டார்கள் என்று பிரித்து, அரைப் பக்கத்தில் எழுதி ப்ராடக்ட் குழுவுக்கு அனுப்பிப் பாருங்கள். கூடவே தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டெடுக்கும் மொழியான எஸ்கியூஎல் கற்றுக்கொண்டு, இந்தச் சிக்கல் எத்தனை கடைகளுக்கு இருக்கிறது என்பதை நீங்களே எடுத்துச் சொல்ல முடிந்தால், உங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் இருப்பது அவர்களுக்குத்தான் கஷ்டம். டெஸ்டிங்கிலிருந்தும் இதே வழியில் வரலாம்; டெவலப்பராக இருந்து வருபவருக்குச் செலவைக் கணிக்கும் திறன் கூடுதலாக இருக்கும், ஆனால் சிக்கல் புரியும் முன்பே தீர்வை யோசித்துவிடும் பழக்கத்தை அவர் அடக்கிக்கொள்ள வேண்டும்.

முன்னுரிமையை முடிவு செய்யச் சூத்திரங்கள் உண்டு. இன்டர்காம் என்ற மென்பொருள் நிறுவனம் பரப்பிய ரைஸ் என்ற முறையை நேர்காணலில் கேட்பார்கள் என்பதால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலாண்டில் எத்தனை பேரைத் தொடும், அவர்களுக்கு எவ்வளவு பயன், நம் கணிப்பில் நமக்கு எவ்வளவு உறுதி ஆகிய மூன்றையும் பெருக்கி, ஆள்-மாதக் கணக்கில் (ஒருவர் ஒரு மாதம் செய்யும் வேலை ஓர் ஆள்-மாதம்) எவ்வளவு உழைப்பு என்பதால் வகுக்க வேண்டும். 500 கடைகள், பயன் 2, உறுதி 80 விழுக்காடு, உழைப்பு 2 ஆள்-மாதம் என்றால் 400 வரும். உறுதியை 50 விழுக்காடாகக் குறைத்தால் அதே வேலை 250-க்கு இறங்கி, பட்டியலில் வேறொன்றுக்குப் பின்னால் போய்விடும். அந்த 80-உம் 50-உம் ஒருவர் மனத்தில் தோன்றிய எண்களே. மதிப்பெண்ணைக் காட்டி வாதத்தை முடித்துவைப்பவரை நான் நம்புவதில்லை. ஏன் 50 போட்டாய் என்று குழு கேட்கத் தொடங்கும்போதுதான் அந்தச் சூத்திரத்துக்குப் பயன் பிறக்கிறது.

ஆங்கிலம் பற்றிய அச்சத்துக்கும் ஒரு வார்த்தை. சரளமாகப் பேசுவதைவிடத் தெளிவாக எழுதுவதே இந்த வேலைக்கு அதிகம் தேவை. என்ன சிக்கல், யாருக்கு, என்ன ஆதாரம், எதைச் செய்கிறோம், எதைச் செய்யவில்லை, வெற்றியை எதை வைத்து அளப்போம் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதிப் பழகினால், உச்சரிப்பை யாரும் பொருட்படுத்துவதில்லை. முதல் வேலை ஊரிலா வெளியூரிலா என்பதும் எனக்கு இரண்டாம் பட்சம்தான். நீங்கள் எழுதிய பக்கத்தைப் படித்துச் சிவப்பில் திருத்தித் தரும் மூத்தவர் ஒருவர் இருக்கும் இடமாகப் பாருங்கள். அப்படி ஒருவர் பெங்களூரில்தான் கிடைக்கிறார் என்றால் சில ஆண்டுகள் போய்விட்டே வாருங்கள்.

எங்களிடம் இந்தப் பதவிக்கு வருபவர்களுக்கு, பெயர் நீக்கிய பழைய டிக்கெட்டுகள் சிலவற்றைக் கொடுத்து, எதை எடுத்துக்கொள்வீர்கள், எதை மறுப்பீர்கள் என்று பிரிக்கச் சொல்வோம். பிரித்தபின், மறுத்தவற்றில் ஒன்றை எடுத்து அந்த வாடிக்கையாளருக்கு நாலு வரியில் பதில் எழுதச் சொல்வோம். பெரும்பாலோர் ‘விரைவில் சேர்க்க முயல்கிறோம்’ என்று எழுதித் தருகிறார்கள். இந்த வசதியை நாங்கள் சேர்க்கப் போவதில்லை, காரணம் இது, ஆனால் உங்கள் வேலையை இந்த வழியில் முடித்துக்கொள்ளலாம் என்று மரியாதை குறையாமல் எழுதித் தருபவரை அடுத்த சுற்றுக்கு அழைக்கிறோம்.