குனிந்து நட்ட பாட்டு

எங்கள் பாகூர் ஆயா நடவுக்குப் போனால் பாட்டு கட்டாமல் வரமாட்டார். வரப்பில் குடை பிடித்து நிற்கும் பண்ணையாரைப் பார்த்து, குனிந்தபடியே நாற்றை ஊன்றிக்கொண்டு, "குடைக்கு மட்டும் வேர்க்குதடி"ன்னு எடுத்துவிடுவாராம். வரிசை முழுக்கச் சிரிக்கும். பண்ணையாரால் கோபப்படவும் முடியாது, பாட்டுதானே! கூலி அரைப்படி குறைந்த சேதியும் அதே மெட்டில் அடுத்த அடியாக வந்து விழுமாம்.

கே.ஏ. குணசேகரன் பாடிக் கேட்டபோது எனக்கு ஆயா ஞாபகம்தான் வந்தது. இளையான்குடி பக்கம் மாரந்தையில் பிறந்தவர். பாட்டெழுதுவார், பாடுவார், நாடகமும் போடுவார். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்தார். வயற்காட்டுப் பாட்டு வகுப்பறைக்குள் போனது சின்ன விஷயமில்லை. 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமையை நினைத்து கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா'வை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்த குரல் அவருடையது. நையாண்டிப் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்த அதே கூட்டம் இந்தப் பாட்டுக்கு அப்படியே அடங்கிவிடும். அந்தக் குரலில் கெஞ்சல் கிடையாது, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

2016 ஜனவரியில் குணசேகரன் இறந்துபோனார். அதே ஆண்டு டிசம்பரில் இன்குலாப்பும்.

நேற்று அம்மாவிடம் ஆயாவின் குடைப் பாட்டைப் பாடச் சொல்லி செல்போனில் பதிவு செய்தேன். இரண்டு அடி கணீரென்று வந்தது. மூன்றாவது அடி மறந்துபோச்சு. சரி, ஞாயிற்றுக்கிழமை பாகூர் போய்ப் பெரியம்மாவைக் கேட்கணும். அவருக்கு எண்பத்திரண்டு வயசு.