கருங்குட்டி

போன வாரம் ஒரு குதிரை வியாபாரி எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார். கட்டுத்தறியில் நின்ற எங்கள் குதிரை மருதாயியை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இது என்ன நிறம்னு சொல்லி விலை பேசறதுங்க்கா? கருப்புமில்ல, வெள்ளையுமில்ல" என்றார். "இன்னும் முடிவாகலைங்க" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

எங்கள் வீட்டுக்காரர் 24 வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். ஆர்.வி.சி. என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ராணுவத்தின் குதிரை, கோவேறு கழுதை, நாய் எல்லாவற்றையும் பராமரிக்கிற பிரிவு. அதில் இவருக்கு டிரஸ்ஸர் வேலை: காயத்துக்கு மருந்து கட்டுவது, டாக்டர் ஊசி போடும்போது பிடித்துக்கொள்வது, ஈனப் போகிற குதிரைக்கு ராத்திரி காவல் இருப்பது. பெண் பார்க்க வந்தபோது என் சித்தப்பா, "மாப்பிள்ளை துப்பாக்கி எடுத்துச் சண்டை போட்டவரா?" என்று கேட்டார். "வாளி எடுத்தவனுங்க" என்றார் இவர். அந்தப் பதிலுக்காகத்தான் சம்மதித்தேன்.

முதலில் மீரட். அப்புறம் ஹாபுர் பக்கம் பாபுகர். ராணுவம் குதிரை வளர்க்கிற பண்ணை அங்கே இருக்கிறது. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வேலியோரம் நடப்பேன். ஹிந்தி வராத எனக்கு முதலில் சிநேகமானது குட்டிகள்தான். பட்டாளத்துக் குதிரைக்கும் கழுதைக்கும் அடையாளம் குளம்பில் சூடு போட்ட எண். குளம்பு வளர வளர அது தேய்ந்து போகும், மறுபடி போட வேண்டும். 1971 போரில் எதிரியிடம் சிக்கித் தப்பி வந்த பெடோங்கி என்ற கோவேறு கழுதையைப் பற்றி அங்கே எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அதற்கே ரொம்ப காலம் 15328 என்ற எண்தான் பெயர். எனக்கு அது ஒப்பவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானே சின்னான், குப்பாயி, மருதாயி என்று பேர் வைத்துக்கொண்டேன்.

குட்டிக்கு ஐந்தாறு மாசமானால் தாயைவிட்டுப் பிரிப்பார்கள். அன்று ராத்திரி குவார்ட்டர்ஸில் யாருக்கும் தூக்கம் கிடையாது. இந்தப் பக்கம் தாய் கனைக்கும், அந்தப் பக்கம் குட்டி. மூன்றாம் நாள் சத்தம் அடங்கும். அந்த அமைதிதான் எனக்குத் தாங்காது.

என் குறை வேறு. மாட்டுக்குச் சினை ஒன்பது மாசம் சொச்சம், குதிரைக்கு 11 மாசம். குட்டி வளர்ந்து பால்பல் எல்லாம் விழுந்து, ஊரில் மாட்டுக்குச் சொல்வது போல 'கடை சேர' ஐந்து வருஷம் ஆகும். எங்களுக்கு மூன்று வருஷத்தில் மாற்றல் ஆர்டர் வந்துவிடும். பாபுகர், ஹிசார், திரும்ப மீரட். பார்த்த குட்டி ஒன்றைக்கூட முழுக் குதிரையாக நான் பார்த்ததில்லை. டிரங்குப் பெட்டியைக் கட்டும்போதெல்லாம் இவரிடம் சண்டை போடுவேன். "கவர்மெண்ட் குதிரை புள்ள, நம்முளுது இல்ல" என்பார்.

பென்ஷனில் வந்த பிறகு, அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரையை வாங்கினோம். இவர் அதன் உதட்டைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு, "மயிர்தான் வெள்ளை, தோல் கருப்பு" என்றார். அப்போது எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை.

2019 மாசியில் அது ஈன்றது. இரண்டு நாளாகவே காம்பு நுனியில் மெழுகு உருகி உறைந்தது போல இருந்தது. நடுராத்திரி கழுத்தெல்லாம் வியர்த்து, படுத்து எழுந்து படுத்தது. முன்னங்கால் இரண்டும், அவற்றின் மேல் மூக்குமாக வந்தது குட்டி. குளம்பைத் தொட்டுப் பார்த்தேன். நுங்கு மாதிரி கொழகொழவென்று சதை விரல்விரலாகத் தொங்கியது. தாயின் கருப்பையைக் கிழித்துவிடாமல் இருக்க அப்படி ஓர் உறை. நடக்க ஆரம்பித்ததும் காய்ந்து உதிர்ந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றது. இவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நஞ்சுக்கொடி முழுசாக விழுந்ததா என்று விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், பட்டாளத்தில் போலவே.

விடிந்ததும் எதிர்வீட்டு அத்தை கிண்ணத்தோடு வந்துவிட்டார், சீம்பால் கேட்டு! குதிரைக் குட்டிக்கு நோய் எதிர்ப்பே அந்தப் பாலிலிருந்துதான் வர வேண்டும், வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து வராது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

குட்டி கரிக்கட்டை நிறம். ஊரே சிரித்தது. "வெள்ளைக் குதிரை வாங்கி ஏமாந்துட்டீங்க." இவர் மட்டும் கண்ணைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வெளுக்கும், ஆறேழு வருஷம் ஆகும்" என்றார். மூக்குக்கண்ணாடி போட்டது போல அங்கே நாலைந்து வெள்ளை மயிர். பிறக்கும்போது கருத்திருந்து வருஷா வருஷம் வெளுக்கிற ஜாதியாம். அத்தனை வருஷம் குதிரைகளோடு இருந்தும் இதை நான் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருக்க முடியும்?

அதற்கு மருதாயி என்றே பேர் வைத்தேன். இப்போது முகம் வெளுத்துவிட்டது. புட்டத்தில் மட்டும் பழைய எட்டணாக் காசு அளவில் வட்டவட்டமாகச் சாம்பல் நிறம். போன வருஷம் அது ஒரு ரூபாய் அகலம் இருந்தது.

வியாபாரி போகிற போக்கில் ஒரு தொகையைச் சொன்னார். நல்ல தொகைதான். "வர்ற ஆடிக்கு ஓட்டிட்டு வாங்கண்ணா, கூடவே கேட்டுத் தர்றேன்" என்றார். இவர் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார்.

கொள்ளு ஊறப்போட நேரமாச்சு என்று நான் உள்ளே போய்விட்டேன்.